இல்லை என்று சொல்ல வாய் வராத ஊர்

எங்கள் பக்கத்தில் யாரையாவது "சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வயிறு காய்ந்து கிடக்கிறவர்கூட "ஆச்சுங்க, இப்பத்தானுங்க" என்பார். இதை மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் மெச்சுகிறார்கள். எனக்கும் ஐம்பது வயது வரை அந்த எண்ணம்தான். அக்கா வீட்டுக்காரருக்கு இருதய வால்வு சுருங்கிப்போன வருடத்தில்தான், 'இல்லை' என்று சொல்ல வாய் வராததும் ஒரு வியாதி என்று எனக்கு விளங்கியது. அந்த வியாதிக்கு எந்தக் காப்பீட்டிலும் வைத்தியம் கிடையாது.

அக்காவைக் கொடுத்தது தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில். மாமாவுக்கு இருப்பது வானம் பார்த்த மேட்டாங்காடு. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வேலிமுள். தண்ணீர் வரும் என்று போட்ட போர் வற்றி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. கொஞ்சம் முருங்கையும் பட்டியில் நிற்கும் ஆடுகளும்தான் அந்த வீட்டுக்குச் சோறு போடுகின்றன. ஒரே பையன். முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டான், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. காட்டில் பண்ணையம் பார்க்கிற பையனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று எங்கள் ஆட்கள் ஒட்டுமொத்தமாக முடிவு செய்துவிட்டார்கள். அப்படி முடிவு செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பண்ணையம் பார்க்கிறவர்கள்தான். இதை எங்கே போய்ச் சொல்வது?

நான் துடியலூரில் இருக்கிறேன். மோட்டார் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில், பம்புகளை லாரியில் ஏற்றி அனுப்பும் பிரிவில் வேலை. லாரிக்காரர்களோடு தினமும் மல்லுக்கட்டி என் தொண்டை பழகிவிட்டது. அதனால் குடும்பத்தில் எங்கே சண்டை போட ஆள் தேவைப்பட்டாலும் இளையவளான எனக்குத்தான் போன் வரும்.

அந்த வருடம் மாமாவால் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் போனது. "அம்மணி, அந்த..." என்று நிறுத்துவார். கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். "...தண்ணிச் சொம்பை" என்பார். அதற்குள் நாம் சொம்பைக் கொண்டுவந்து வைத்திருப்போம். கோயமுத்தூருக்குக் கூட்டிவந்து ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினேன். வால்வு மாற்றியே ஆக வேண்டும், இப்படியே விட்டால் வருகிற மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். மாமாவிடம் கேட்டால் "சளிங்கறாங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்கென்று ஒரு மேஜை. அங்கே இருந்த பெண், "அரசுக் காப்பீட்டு அட்டை இருக்குங்களா?" என்று கேட்டார். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசே காப்பீடு கட்டிக் கொடுக்கிற அட்டை. அது இருந்தால் ஆபரேஷனுக்குக் கைக்காசு வேண்டாம். இல்லாவிட்டால் காட்டை விற்க வேண்டும், அந்தக் காட்டை வாங்குகிற புத்திசாலியை முதலில் தேட வேண்டும். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடத்துல வெச்சு எல்லாருக்கும் கார்டு போட்டாங்க அம்மணி. உங்க மாமாதான், அதெல்லாம் இல்லாதப்பட்டவங்களுக்குன்னு திரும்பி வந்துட்டாரு."

"நாம யாரு அப்ப? ஜமீனா?"

மாமா சிரித்தார். சிரிக்கவும் மூச்சு வேண்டியிருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த மேஜையையே கவிழ்த்திருப்பேன்.

அட்டை வாங்க வருமானச் சான்று வேண்டும். அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே எங்களுக்குப் பின்னால் தெரிந்த முகங்களாகவே நின்றன. கம்ப்யூட்டரில் இருந்த பெண் "வருச வருமானம் எவ்வளவுங்க?" என்று கேட்டதும் மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "அது... வருதுங்க. பரவால்லாம... வருதுங்க" என்றார். நான் முன்னால் போய் உள்ளது எதுவோ அதைச் சொன்னேன். அக்கா என் இடுப்பில் கிள்ளினாள்.

"மெதுவாப் பேசு. பின்னால ஆளு நிக்குது."

"நிக்கட்டும். திருடிட்டா வந்திருக்கறோம்?"

விண்ணப்பம் போனது. இனி கிராம நிர்வாக அதிகாரியான வி.ஏ.ஓ. விசாரித்து எழுதினால் சான்று வந்துவிடும் என்று நான் துடியலூர் திரும்பிவிட்டேன். கொஞ்ச நாளில் போனுக்கு ஒரு செய்தி வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம், விசாரணையில் வருமானம் வரம்பைவிட அதிகம் என்று தெரியவந்துள்ளது.

அந்தக் காட்டில் வேலிமுள்ளைத் தவிர எது விளைந்து வருமானம் அதிகமானது? லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். வி.ஏ.ஓ. ஆபீசில் எப்படிப் பேசுவது, எங்கே குரலை உயர்த்துவது என்று பல்லடம் வருவதற்குள் எல்லாம் மனப்பாடமாகிவிட்டது.

ஆனால் அங்கே இருந்தது நான் திட்டுவதற்கு வாகான ஆள் இல்லை. தெற்கத்தி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த சின்ன வயதுப் பெண். என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"நான் யார் பேச்சையும் கேட்டு எழுதல மேடம். நேர்ல போய் விசாரிச்சேன். வி.ஏ.ஓ.ன்னு சொன்னா யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க. அதனால சொல்லாமத்தான் விசாரிப்பேன்."

"யார்கிட்ட விசாரிச்சீங்க?"

"ஊருக்குள்ள ஒரு பேக்கரி இருக்குல்ல, அங்க. இந்தக் குடும்பம் எப்படி, வசதி எப்படின்னு கேட்டேன். எல்லாரும் எழுந்து எனக்கு நாற்காலி போட்டாங்க. டீக்குக் காசே வாங்கல."

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

அவர் தன் குறிப்பைப் பார்த்து வாசித்தார். காடு இல்லையாம், தண்ணீர் பாயும் தோட்டமாம். போரில் தண்ணீர் வற்றியதே இல்லையாம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வாங்கிக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்களாம். கோயமுத்தூரில் வீடு கட்ட சைட் கிடக்கிறதாம். பட்டாவில் இதெல்லாம் காணோமே என்று கேட்டதற்கு, எல்லாம் பாட்டன் பேரில் இருக்கிறது, எப்படியும் ஒரே பேரனுக்குத்தானே வரும் என்று ஒரு பெரியவர் விளக்கமும் கொடுத்தாராம்.

"அப்புறம் பையனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது, வெத்தலைபாக்குகூடப் போட மாட்டான், மாமியார் தங்கமானவங்கன்னு சொன்னாங்க. நான் பையனைப் பத்திக் கேக்கவே இல்ல. அது மட்டும் ஏன்னு எனக்குப் புரியல மேடம்."

எனக்குப் புரிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்களில் கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் ஊருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து விசாரிப்பார்கள். பேக்கரியில் டீ குடிக்கிற சாக்கில் கேட்பார்கள். நல்லபடியாகச் சொல்லி அனுப்புவது ஊரின் கடமை. பங்காளிச் சண்டையில் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடானாலும் அந்த ஒரு நாள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இன்றைக்கு நீ என் வீட்டை உயர்த்திச் சொன்னால் நாளைக்கு உன் வீட்டை நான் உயர்த்திச் சொல்வேன். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் என்பதை வேறு எந்த ஊரிலாவது பழமொழியாக வைத்திருக்கலாம். எங்கள் ஊரில் அது ஊர்ப்பொது வேலை. முப்பத்தைந்து வயதுப் பையன் இருக்கிற வீட்டைப் பற்றி, நல்ல சேலையும் தோளில் கைப்பையுமாக ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து வசதியை விசாரித்தால், பேக்கரியில் இருந்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? கடைசியில் நம் பையனுக்கும் ஒரு காலம் வந்துவிட்டது என்று ஆளுக்கு ஒரு தோப்பாக எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

அதிகாரியிடம் இதை விளக்கினேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு மாமாவின் ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"நான் விசாரணை முடிச்சு எழுதிட்டேன். மாத்தணும்னா வீட்டை நேர்ல பாக்கணும், அக்கம்பக்கத்துக்காரங்க கையெழுத்தும் வேணும். மத்தியானமே வரேன். நீங்க போய் எதையும் சொல்லிக் குடுக்க வேண்டாம், என்கூடவே வாங்க."

நல்ல மனசு. அக்காவுக்குப் போன் போட்டு, "அன்னைக்கு விசாரிச்சுட்டுப் போனவங்க வி.ஏ.ஓ. அக்கா. இப்ப ஊட்டுக்கு வாராங்க. உள்ளதை உள்ளபடி சொல்லிப்போடுங்க" என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு போனையும் போடாமல் இருந்திருக்கலாம்.

அதிகாரியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய் இறங்கினால், அக்கா வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. பேக்கரிக்காரருடையது. கட்டுத்தறியில் கொழுகொழுவென்று இரண்டு கறவை மாடுகள், நான் அதுவரை பார்த்தறியாதவை. இரண்டும் எதிர்வீட்டுப் பக்கமே கழுத்தைத் திருப்பிக் கத்திக்கொண்டிருந்தன. அந்த ஊரில் அவற்றுக்கு மட்டும்தான் பொய் சொல்லத் தெரியவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேஜையில் பேக்கரி ஜிலேபி, மிக்சர். வேலியோரம் பாதி ஊர் சலவைச் சட்டையில் நின்றது. அந்தம்மா இரண்டாம் தடவை வருகிறார், அதுவும் வீடு பார்க்க வருகிறார் என்றால் காரியம் முக்கால்வாசி கைகூடிவிட்டது என்று ஊரின் கணக்கு.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அக்காவை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவள் பட்டுச்சேலையில் இருந்தாள்.

"ஊர்ல என்னன்னு சொல்லி வெச்சிருக்கறீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல அம்மணி. அன்னைக்கு வந்தவங்க இன்னைக்கு ஊட்டுக்கு வாராங்கன்னு மட்டுந்தான் சொன்னேன். அவங்களா நெனச்சுக்கிட்டாங்க."

"வி.ஏ.ஓ.ன்னு சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்றது? ஒண்ணுமில்லைன்னு கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்திருக்கறாங்கன்னு நாளைக்கே ஊரெல்லாம் பேசும். அப்பறம் என்ற பையனுக்கு எவ வருவா?"

"மாமா போயிட்டா மட்டும் வரிசையில வந்து நிப்பாங்களா?"

கேட்டுவிட்டேன். அக்கா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது, அக்கா மேலா, வேலியோரம் நிற்கிறவர்கள் மேலா, என் மேலேயேவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெளியே மாமாவிடம் விசாரணை நடந்துகொண்டிருந்தது. வெள்ளை வேட்டி சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்படி நிமிர்ந்து உட்காரவே அவர் எவ்வளவு பாடுபடுகிறார் என்று கழுத்து நரம்பைப் பார்த்தால் தெரிந்தது.

"உடம்பு எப்படி இருக்குங்க ஐயா?"

"நல்லா..." மூச்சு. "...இருக்குதுங்க."

"போர்ல தண்ணி வருதா?"

"வருதுங்க. போதும்..." மூச்சு. "...போதும்ங்கற அளவுக்கு."

வேலியோரத்தில் தலைகள் ஆடின. பேக்கரிக்காரர், "இந்தப் பக்கம் அவங்க போர்தானுங்க போரு" என்று எடுத்துக் கொடுத்தார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இங்கே மண்ணுக்குள்ளே புதைக்கிற நிலைமையிலும் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார் மனிதர். அதிகாரி பேனாவை மூடினார். அவ்வளவுதான், எழுந்து போய்விடப் போகிறார் என்று தோன்றியது. நான் என்ன சொன்னாலும் இனி எடுபடாது. கண் முன்னால் கார் நிற்கிறது, மாடு நிற்கிறது.

அப்போது பையன் பேசினான். அவனுக்கு யாரோ இஸ்திரி போட்ட சட்டையைக் கொடுத்துத் தூணோரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். பெண்பார்க்கப் போன இடங்களில்கூட வாயைத் திறக்காதவன். அவன் குரல் இவ்வளவு பெரிதென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஏனுங்க, நீங்க வி.ஏ.ஓ. அம்மாதானுங்களே?"

"ஆமா" என்றார் அதிகாரி.

வேலியோரம் கப்சிப்பென்று அடங்கியது. எதிர்வீட்டு மாடு மட்டும் ஒருமுறை கத்தியது.

"அந்தக் காரு எங்களுது இல்லீங்க. மாடு எங்களுது இல்லீங்க. நான் போட்டிருக்கற சட்டையும் எங்களுது இல்லீங்க. போர்ல சொட்டுத் தண்ணி இல்லீங்க, வந்தீங்கன்னா மூடியைத் தொறந்து காட்டறேன். தென்னந்தோப்பு இல்லீங்க. சைட்டு இல்லீங்க. எங்கப்பனுக்கு நாலு வார்த்தை சேந்தாப்ல பேச முடியறது இல்லீங்க, வைத்தியம் பாக்க எங்ககிட்ட வக்கு இல்லீங்க. இதை எழுதிக்குங்க."

ஒவ்வொரு 'இல்லீங்க'வுக்கும் அவன் கல்யாணம் ஒரு அடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கும் அது தெரிந்திருந்தது. பேசி முடித்ததும் சட்டையைக் கழற்றி, மடித்து, அதன் சொந்தக்காரரிடம் வேலிக்கு மேலாக நீட்டினான். பனியனோடு முன்னே நடந்தான். அதிகாரி அவன் பின்னால் போனார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போரைப் பார்த்துவிட்டு அவர்கள் திரும்பி வரும்போது கார் அங்கே இல்லை. எதிர்வீட்டம்மா மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துக்கு அக்கம்பக்கத்துக்காரர் வேண்டும் என்று அதிகாரி சொன்னதும், பேக்கரிக்காரர் தயங்கித் தயங்கி முதல் ஆளாக வந்தார். "நல்லது நெனச்சுத்தானுங்க சொன்னோம். ஒரு ஊட்டைப் போயி இல்லாதப்பட்ட ஊடுன்னு எங்க வாயால எப்படிங்க சொல்றது?" என்றார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அதனால்தான் அவரைத் திட்ட முடியாமல் பேனாவை எடுத்து நீட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜிலேபியைத் திருப்பி எடுத்துக்கொள்ளாமலே போனார்.

சான்று வந்தது. திருப்பூர் கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போய் அட்டைக்குப் போட்டோ எடுத்தோம். அங்கேயும் மாமா சீப்பு கேட்டார். வழியெல்லாம் அவர் பையனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு இல்லாததால் பேசவில்லையா, கோபத்தில் பேசவில்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய கோரிக்கைக்குக் காப்பீட்டில் அனுமதி வரும்வரை, கட்டிலில் தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே கிடந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. அக்கா வீட்டிலிருந்து போன் வரும்போதெல்லாம் "மாமா எப்படி?" என்று கேட்டுக்கொண்டேதான் எடுத்தேன். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஆபரேஷன் முடிந்தது.

அவரை வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு காலையில் இட்லி எடுத்துக்கொண்டு போனேன். லிப்டைவிட்டு இறங்கும்போதே மாமாவின் குரல் கேட்டது. என்னவோ ஏதோ என்று ஓடினேன். பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா நெஞ்சுக் கட்டின்மேல் தலையணையை அணைத்துப் பிடித்தபடி பையனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பெத்து வளத்து ஆளாக்கி உட்டதுக்கு, ஊரு சனம் அத்தனையும் வேலியோரம் நின்னு பாக்கையில, இல்லீங்க இல்லீங்கன்னு ஏலம் உட்டு என்ற மானத்தை வாங்கிப்போட்டியே, இனி எந்த மொகத்தை வெச்சுக்கிட்டு நான் அந்தப் பேக்கரி வழியாப் போவேன், எவன்டா உனக்குப் பொண்ணு குடுப்பான்..."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எவன் போட்ட பிச்சையில் இந்த மூச்சு வருகிறதோ, அவனையே அந்த மூச்சைக் கொண்டு திட்டுகிறாரே! இட்லித் தூக்கை வைத்துவிட்டு நான் வாயைத் திறப்பதற்குள் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் நிறைந்திருந்தது.

"இருங்க சின்னம்மா" என்றான் மெதுவாக. "அப்பலேருந்து திட்டறாரு. நடுவுல ஒருக்காக்கூட நிக்கலைங்க."

மாமா அதைக் கவனிக்கவில்லை. இன்னும் திட்டிக்கொண்டிருந்தார்.